ஊர் மாறிய டிட்ரேஸ்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிரையன் கான்ட்ரில், மைக் ஷபிரோ, ஆடம் லெவந்தால் ஆகிய மூவரும் உருவாக்கிய டிட்ரேஸ் என்ற கண்காணிப்புக் கருவி, 2005 ஜனவரியில் அந்நிறுவனத்தின் சோலாரிஸ் 10 இயக்குதளத்துடன் வெளிவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்த வேண்டாம். புரோகிராமை மறுபடி கம்பைல் செய்யவும் வேண்டாம். கர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது அழைக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது, யார் அழைத்தார்கள் என்று அதன் சொந்த டி மொழியில் நாலு வரி எழுதிக் கேட்டால் பதில் வரும். அதே மாதத்தில் சன் அதன் மூலநிரலையும் திறந்துவிட்டது. 2007-இல் மேக் ஓஎஸ் 10.5, 2009 தொடக்கத்தில் ஃப்ரீபிஎஸ்டி 7.1, 2011-இல் ஆரக்கிளின் லினக்ஸ் அறிவிப்பு, 2019-இல் விண்டோஸ் 10 என்று அது இடம் மாறிக்கொண்டே போனது. ஸ்பார்க்கிலும் எக்ஸ்86-இலும் பிறந்த கருவி, இன்று ஆர்மிலும் பவர்பிசியிலும் ரிஸ்க்-ஃபைவிலும் ஓடுகிறது.

இதை ஒரு வெற்றிக்கதையாகவே சொல்லி வருகிறோம். பெரும்பகுதி வெற்றிதான். ஆனால் பிராசசர் மாற்றம், இயக்குதள மாற்றம் இரண்டையும் 'போர்ட்' என்ற ஒரே கணக்கில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் வேலை கடினமானது. ஆனால் முடிந்ததா இல்லையா என்று சோதித்துச் சொல்லிவிடலாம். இரண்டாவது, முடிந்துவிட்டதுபோலவே தெரியும்; உள்ளே பாதி நின்றிருக்கும்.

பிராசசர் பக்கத்தை முதலில் பார்ப்போம். 64-பிட் எக்ஸ்86-இல் பெரும்பாலான ஃபங்ஷன்கள் ஒரே பைட் நீளமுள்ள ஒரு கட்டளையோடு தொடங்கும்: பழைய ஃப்ரேம் பாயிண்டரை ஸ்டாக்கில் தள்ளுவது. அதன் மதிப்பு 85. ஒரு ஃபங்ஷனைக் கண்காணிக்கச் சொன்னால், டிட்ரேஸ் அந்த 85-ஐ எடுத்துவிட்டு 204-ஐ வைக்கிறது. அது பிரேக்பாயிண்ட் கட்டளை. பிராசசர் அங்கே வந்ததும் டிராப் எழும். டிட்ரேஸ் நாம் கேட்டதைப் பதிவுசெய்துகொண்டு, எடுத்துவிட்ட கட்டளையின் வேலையைத் தானே செய்து முடித்து, ஃபங்ஷனை அதன் வழியில் விட்டுவிடும். கண்காணிப்பு முடிந்ததும் 85 பழைய இடத்துக்கே திரும்பும். கேட்காதபோது செலவே இல்லை என்ற பெருமை இந்த ஒரு பைட்டில்தான் நிற்கிறது.

64-பிட் ஆர்முக்கு வந்தால் இதில் எதுவும் அப்படியே செல்லாது. அங்கே ஒவ்வொரு கட்டளையும் 4 பைட். ஃபங்ஷனின் தொடக்கமும் வேறு. இரண்டு ரெஜிஸ்டர்களைச் சேர்த்துச் சேமிக்கும் கட்டளையை அடையாளம் கண்டு, அதைப் போலச் செய்துகாட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது கேஷ். எக்ஸ்86-இல் கட்டளையை மாற்றி எழுதினால் வன்பொருளே கட்டளைக் கேஷைச் சரிசெய்துகொள்ளும். ஆர்மில் எழுதுபவர்தான் தரவுக் கேஷைத் துடைத்து, கட்டளைக் கேஷைச் செல்லாததாக்க வேண்டும். மறந்தால், ஒரு கோரில் பிரோப் (கண்காணிப்புப் புள்ளி) அடிக்கும், பக்கத்துக் கோரில் அடிக்காது.

பாதுகாப்பு வேலையும் இப்படித்தான். நாம் எழுதிய டி நிரல் தப்பான முகவரியைப் படிக்கப் போனால் கர்னல் விழுந்துவிடக் கூடாது. அதற்காக டிட்ரேஸ், படிப்பதற்கு முன் அந்த சிபியுவின் பெயரில் ஒரு கொடியை ஏற்றிவைக்கிறது. பேஜ் ஃபால்ட் வந்தால் கர்னலின் ஃபால்ட் ஹேண்ட்லர் முதலில் அந்தக் கொடியைப் பார்க்கும். கொடி ஏறியிருந்தால் பிழையைக் குறித்துக்கொண்டு, அந்தக் கட்டளையைத் தாண்டிப் போய்விடும். பயனருக்குச் 'செல்லாத முகவரி' என்ற ஒரு வரி மட்டும் வரும். தாண்டுவதற்குக் கட்டளையின் நீளம் தெரிய வேண்டும். நிலையான நீளமுள்ள பிராசசரில் 4-ஐக் கூட்டினால் போதும். எக்ஸ்86-இல் கட்டளை 1 முதல் 15 பைட் வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் கர்னலுக்குள்ளேயே கட்டளை நீளத்தை அளக்கும் நிரல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இவை சிக்கலான வேலைகள், ஆனால் நேர்மையான வேலைகள். தப்பாகச் செய்தால் இயந்திரம் விழும், அல்லது சோதனைத் தொகுப்பு காட்டிக்கொடுக்கும். இங்கும் ஒரு ஓட்டை உண்டு: தொடக்கக் கட்டளை எதிர்பார்த்த வடிவில் இல்லாத ஃபங்ஷன்கள் பிரோப் பட்டியலில் வராமலே போய்விடும். ஆனாலும் பட்டியலைப் பார்த்தால் இல்லாதது இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

இயக்குதள மாற்றத்தில் அந்த வசதி இல்லை. சோலாரிஸில் வட்டுப் படிப்பு-எழுத்தைக் கவனிக்கும் ஐஓ ப்ரொவைடர் (பிரோப்களைத் தரும் பகுதி), கர்னலின் உள் அமைப்பை மறைத்து, நிலையான வடிவில் மூன்று விவரங்களைத் தருகிறது: எந்தக் கோரிக்கை, எந்தச் சாதனம், எந்தக் கோப்பு. மூன்றாவதுதான் நிர்வாகிக்கு உயிர். வட்டு மும்முரமாக இருக்கிறது என்பதை வேறு கருவிகளும் சொல்லும். எந்தக் கோப்பால் என்பதை இதுதான் சொன்னது. ஃப்ரீபிஎஸ்டியிலும் அதே பெயரில் ப்ரொவைடர் இருக்கிறது. ஆனால் அதன் பிரோப்கள் ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த வகைகளைக் கொடுக்கின்றன. சோலாரிஸ் ப்ரொவைடரோடு பொருந்தாது என்று அதன் கையேடே சொல்கிறது. டிசிபி ப்ரொவைடரின் கையேடோ பொருந்தும் என்கிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்திருப்பதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். ஃபங்ஷன் அளவில் எழுதிய ஸ்கிரிப்ட்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு கர்னலின் உள் ஃபங்ஷன் இன்னொரு கர்னலில் இல்லை. அதே பெயரில் இருந்தாலும் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆப்பிளில் நடந்தது இதைவிட மோசம். சில நிறுவனங்களின் புரோகிராம்களை யாரும் துருவக் கூடாது என்பதற்காக, ஐடியூன்ஸ் போன்றவை தம்மைத் தொடவிடாமல் ஒரு கொடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 10.5-இல் அந்தக் கொடியுள்ள புரோகிராம் சிபியுவில் இருக்கும் நேரத்தில், அதற்குச் சம்பந்தமே இல்லாத கடிகாரப் பிரோப்கூட அடிக்காமல் போனது. பிழைச் செய்தி இல்லை; எண்ணிக்கை மட்டும் குறைந்தது. 2008 ஜனவரியில் லெவந்தால் இதை வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டில் 10.5.3-இல் ஆப்பிள் திருத்தியது. தராசு ஓடாமல் நின்றால் வேறு தராசைத் தேடுவோம்; குறைத்துக் காட்டினால் அந்தக் கணக்கையே எழுதிவிடுவோம். 2015-இல் வந்த ஆப்பிளின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு டிட்ரேஸை இன்னும் இறுக்கமாகக் கட்டியது. ஆனால் டிட்ரேஸை இயக்கும்போதே சில வசதிகள் கிடைக்காது என்று எச்சரித்துவிடுகிறது. கட்டுப்பாடு கூடியது, நேர்மையும் கூடியது. எனக்கு இரண்டாவது ஏற்பாடே மேல்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் செய்ததையும் அப்படித்தான் எடைபோடுகிறேன். 64-பிட் விண்டோஸ் கர்னல் தன் கட்டளைகளை யாரும் மாற்றி எழுத விடாது. டிட்ரேஸின் அடிப்படை உத்தியே அப்படி மாற்றி எழுதுவதுதான். ஆகவே ஸ்டாக்கைத் தொடரவும் நினைவகத்தைப் பாதுகாப்பாகப் படிக்கவும் கர்னலே கதவு திறந்துவிடும்படி ஒரு நீட்சி டிரைவரை எழுதினார்கள். கர்னலின் சொந்தக்காரரால் மட்டுமே செய்ய முடிந்த வேலை இது. விலையும் உண்டு: துவக்க அமைப்பில் டிட்ரேஸை இயக்கி இயந்திரத்தை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். நிறுத்தாமல் பார்ப்பதற்கென்றே பிறந்த கருவிக்கு இது சின்ன இழப்பு இல்லை. நள்ளிரவில் தடுமாறும் சர்வரை மறுதொடக்கம் செய்தால், தேடிய அறிகுறியே அழிந்திருக்கும்.

இந்தக் குறைகளுக்கு வேர் முதல் வடிவமைப்பிலேயே இருக்கிறது. டிட்ரேஸில் ஒவ்வொரு பிரோப்புக்கும் மூன்று முத்திரைகள்: பெயர் எவ்வளவு நிலையானது, தரவு எவ்வளவு நிலையானது, எதைச் சார்ந்தது. சார்புக்கு ஆறு வகை வைத்தார்கள்: தெரியாதது, குறிப்பிட்ட சிபியு, குறிப்பிட்ட பிளாட்ஃபார்ம், பிளாட்ஃபார்ம் குழு, கட்டளைத் தொகுதி, பொது. வேண்டுமானால் இன்ன நிலைக்குக் கீழே உள்ள எதையும் என் ஸ்கிரிப்ட் தொட்டால் கம்பைல் செய்யாதே என்று கட்டளையிடலாம். இப்படி முன்யோசனையோடு தன் நம்பகத்தன்மையைத் தானே அறிவிக்கும் கண்காணிப்புக் கருவியை நான் வேறு பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆறில் இயக்குதளத்துக்கு இடமில்லை. 'பொது' என்பதற்கு அவர்கள் தந்த பொருள், எந்த வன்பொருளானாலும் எல்லா சோலாரிஸ் கணினிகளுக்கும் பொது என்பதுதான். பிராசசர் மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். சன் இரண்டு வகை பிராசசரில் விற்றுக்கொண்டிருந்தது. சோலாரிஸ் மாறும் என்று எண்ணவில்லை. போர்ட் செய்தவர்களும் ஏழாவது வகையைச் சேர்க்காமல் முத்திரைகளை அப்படியே எடுத்துப்போனார்கள். அதனால் 'பொது' என்று முத்திரை வாங்கிய ஸ்கிரிப்டுக்கு வேறு இயக்குதளத்தில் எந்த உறுதியும் இல்லை.

லினக்ஸ் கதையில் உரிமச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. டிட்ரேஸின் சிடிடிஎல் உரிமமும் லினக்ஸின் ஜிபிஎல் உரிமமும் ஒத்துப்போகாததால், முதன்மைக் கர்னலுக்குள் அது நுழையவே முடியவில்லை. ஆரக்கிள் தன் கர்னல் பகுதியை ஜிபிஎல்லுக்கு மாற்றுவதற்குள் கர்னலுக்குள் சிறு நிரல்களைப் பாதுகாப்பாக ஓட்டும் லினக்ஸின் சொந்த வசதியான இபிபிஎஃப் வேரூன்றிவிட்டது. அதன்மேல் டி மொழியின் சாயலோடு பிபிஎஃப்ட்ரேஸ் என்ற கருவி எழுந்தது. பிறகு ஆரக்கிள் செய்ததுதான் இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான திருப்பம் என்பேன்: கர்னல் எஞ்சினைக் கொண்டுவருவதைக் கைவிட்டு, டி மொழியையும் ப்ரொவைடர்களையும் வைத்துக்கொண்டு, உள்ளே இபிபிஎஃப் நிரலாக மாற்றித் தருகிறது. பயனர் கற்ற மொழி நிலைக்கிறது; பாதுகாப்பை லினக்ஸ் கர்னலின் சொந்தப் பரிசோதகரே (வெரிஃபையர்) பார்த்துக்கொள்கிறது. லினக்ஸ் பரிசோதகரின் கட்டுப்பாடுகளுக்குள் டி மொழியின் எல்லா வசதியையும் அடக்குவது நீண்ட வேலை என்பதையும் மறைக்கக் கூடாது.

சிஸ்டம் கால்களைக் காட்டும் பழைய கருவியான எஸ்ட்ரேஸ் வேறு பாதையில் போனது. 1991-இல் சன்ஓஎஸுக்காகப் பிறந்த அது, பல யூனிக்ஸ்களைச் சுற்றிவிட்டு, கடைசியில் லினக்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றுக்குமான நிரலை நீக்கிவிட்டது. ஆனால் லினக்ஸ் ஓடும் பிராசசர்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் ஓடுகிறது. ஓப்பன்பிஎஸ்டியும் டிட்ரேஸை இறக்குமதி செய்யாமல், 2020-இல் தனக்கென்று ஒரு சிறு கண்காணிப்பு டிரைவரையும் அதற்கான மொழிக்கருவியையும் வெளியிட்டது.

அப்படியானால் டிட்ரேஸை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுபோனது வீணா? நிச்சயமாக இல்லை. அதுவரை அங்கே கர்னலைத் திறந்து பார்க்க இவ்வளவு பாதுகாப்பான வழி இருந்ததில்லை. நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு போர்ட்டும் முத்திரையில் இயக்குதளத்துக்கு ஒரு வகையைச் சேர்க்கட்டும். சோலாரிஸ் வடிவத்தை எதிர்பார்க்கும் ஸ்கிரிப்ட், பொருந்தாத ப்ரொவைடரைத் தொட்டால் கம்பைலரே நிறுத்தட்டும். நிறுத்துவதற்கான இயந்திரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதற்கு ஒரு வகையும், ஒவ்வொரு ப்ரொவைடரையும் உட்கார்ந்து ஒப்பிட்டு முத்திரை குத்த ஆட்களும்தான் தேவை.