வெளியிலிருந்து வந்த முதல் தலைவர்

1981-இல் தொடங்கிய இன்ஃபோசிஸில் 33 ஆண்டுகள் நிறுவனர்களே தலைமைச் செயல் அதிகாரிகளாக இருந்தார்கள். நாராயண மூர்த்தி, நந்தன் நிலேகனி, கிரிஸ் கோபாலகிருஷ்ணன், சிபுலால் என்று வரிசையாக வந்த பதவிக்கு, 2014 ஆகஸ்டில் எஸ்ஏபி நிறுவனத்திலிருந்து விஷால் சிக்கா வந்தார். 2017 ஆகஸ்ட் 18 அன்று ராஜினாமா செய்தார். அன்று ஒரே நாளில் பங்கு விலை கிட்டத்தட்ட பத்து சதவீதம் சரிந்தது. நிறுவனத்தின் பண்பாட்டோடு அவர் ஒட்டவில்லை என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

வெளியாளை எடுக்கும்போது பண்பாட்டுப் பொருத்தம் பார்ப்பது வீண் வேலையல்ல. இன்ஃபோசிஸ் எளிமையையும் கணக்கில் ஒளிவுமறைவின்மையையும் தன் பெயராகவே வளர்த்த நிறுவனம். சிக்காவின் ஆண்டு ஊதிய வரம்பு 1.1 கோடி டாலராக உயர்ந்ததும், விலகிப் போன நிதித் தலைவருக்கு 17.38 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டதும் அந்த இடத்தில்தான் உறுத்தின. மூர்த்தி வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். கேள்வி நியாயமானது.

ஆனால் ஊழியர் மட்டத்தில் சிக்கா அந்நியராக இல்லை. 2015-இல் உடைக் கட்டுப்பாடு தளர்ந்தது. வேலையை விட்டுப் போவோர் விகிதம் முதல் ஆண்டிலேயே குறைந்தது. பழைய வழியில் வளர்ச்சி மந்தமானதால், மாற்றத்துக்காகவே அழைத்துவரப்பட்டவர் அவர். மாற்றவும் வேண்டும், நம்மைப் போலவே இருக்கவும் வேண்டும் என்றால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஊதியத்துக்கு இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது, பங்குதாரர்கள் வாக்களித்தார்கள். நிறுவனர்கள் பதவியில் இல்லை. ஆனாலும் நிறுவனத்தின் மரபு எது என்று சொல்லும் உரிமை அவர்களிடமே இருந்தது. வந்தவர் யார் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது?

பண்பாட்டுப் பொருத்தம் பார்க்கும் முறையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. பொருத்தத்தை வேட்பாளரிடம் மட்டும் தேடுகிறோம். உங்கள் விழுமியங்கள் என்ன என்று நேர்காணலில் கேட்டால் எவரும் அழகாகப் பதில் சொல்வார். மூத்த அதிகாரி ஒருவர் விலகும்போது அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள், அதை யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டால் ஆள் தெரிந்துவிடும். நிறுவனர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: எந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வாய் திறக்க மாட்டீர்கள்?

நிறுவனர்களின் இடத்தை வெளிப்படையாகச் சொன்ன நிறுவனமும் உண்டு. கூகுள் 2001-இல் எரிக் ஷ்மிட்டைத் தலைமைச் செயல் அதிகாரியாக எடுத்தபோது லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் விலகிப்போகவில்லை. மூவரும் சேர்ந்தே நடத்துகிறோம் என்று 2004-இல் முதலீட்டாளர்களுக்கு எழுதியே கொடுத்தார்கள். ஷ்மிட் 2011 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

இன்ஃபோசிஸ் அடுத்து எடுத்த சலில் பரேக்கும் வெளியாள்தான். கேப்ஜெமினியிலிருந்து 2018 ஜனவரியில் வந்தார். அவர் வருமுன்பே, சிக்கா விலகிய ஒரு வாரத்துக்குள், நிலேகனி இயக்குநர் குழுத் தலைவராகத் திரும்பியிருந்தார். நிறுவனர்களின் மனக்குறைகள் பத்திரிகைகளுக்குப் போகாமல் இயக்குநர் குழுவுக்குள்ளேயே பேசப்பட ஒரு வழி பிறந்தது. 2022-இல் பரேக்கின் பதவிக்காலம் மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டது.