வா என்றால் வரும் குட்டி

இரண்டு மாத நாய்க்குட்டியை அழைத்துப் பழக்குவதைப் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை. பழக்கத் தெரிந்தவர் முதலில் குந்தி உட்காருவார்; நிமிர்ந்து நிற்கும் ஆள் குட்டிக்கு மிரட்சி. பிறகு "மணி, வா!" என்று ஒரே முறை, குரலைச் சற்று உயர்த்தி, சிரிப்போடு. மடிந்த காதுகள் விறைக்கும். அப்புறம் அந்த ஓட்டம்! பின்னங்கால்கள் முன்னங்கால்களை முந்தப் பார்க்க, வழவழத் தரையில் நகங்கள் கிறீச்சிட, சறுக்கி வந்து முழங்காலில் மோதும். வேகவைத்த கோழித் துணுக்கைத் தேடிக் குளிர்ந்த மூக்கு விரலிடுக்கெல்லாம் துழாவும்.

அழைக்காமல் பொறுத்திருப்பதுதான் இதில் பெரிய திறமை. குட்டியின் கவனம் காகத்தின் மேல் இருக்கும்போது பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தினால், அதைக் காதில் வாங்காமலிருக்கவே அது பழகிவிடும். அதனால் தலை திரும்பும்வரை காத்திருக்கிறார்கள். வராவிட்டால் துரத்துவதில்லை, எதிர்ப்பக்கம் நாலடி ஓடினால் குட்டி தானே பின்னால் வரும். தாமதமாக வந்தாலும் அதே தடவல், அதே துணுக்கு. செருப்பைக் கடித்ததற்கு அதட்டவோ குளிப்பாட்டவோ மட்டும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். எழுந்து போய் நீங்களே தூக்கி வாருங்கள்.