கருத்தாடல் ஆய்வும் சூழ்பொருளியலும்: எல்லைக்கோடு எங்கே?

கருத்தாடல் ஆய்வும் சூழ்பொருளியலும் மொழியை அதன் பயன்பாட்டில் வைத்து ஆராயும் இரு துறைகள் ஆகும். பேசுபவர், கேட்பவர், இடம், காலம் ஆகியவற்றால் ஒரு கூற்றுக்குக் கிடைக்கும் பொருளை ஆராய்வது சூழ்பொருளியல். வாக்கியத்தைக் கடந்து தொடரும் பேச்சும் எழுத்தும் எவ்வாறு ஒரு முழுமையாக அமைகின்றன என்பதை ஆராய்வது கருத்தாடல் ஆய்வு. ‘முன்னது தனிக் கூற்றுக்கு உரியது, பின்னது கூற்றுத் தொடருக்கு உரியது’ என்று இவ்வேறுபாட்டைச் சுருக்கிச் சொல்வதுண்டு. இது நினைவில் வைக்க எளிது. ஆனால், உண்மையான உரையாடலை ஆராயும்போது இந்த அளவுகோல் பயன்படுவதில்லை.

தோற்றம்

சார்லஸ் மோரிஸ் 1938இல் குறியியலைத் தொடரியல், பொருளியல், சூழ்பொருளியல் எனப் பகுத்தார். பின்னர் ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாடும் (நூலாக 1962), கிரைசின் உட்கிடைப்பொருள் பற்றிய கருத்தும் (கட்டுரையாக 1975) மெய்யியலிலிருந்து வந்து இத்துறையை வளர்த்தன. செல்லிக் ஹாரிஸ் 1952இல் ‘கருத்தாடல் ஆய்வு’ என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். அவர் முறை பொருளைச் சாராமல், சொல்வடிவங்கள் வரும் இடங்களையே நோக்கியது. ஆக, இரு துறைகளும் வெவ்வேறு வழிகளில் பிறந்தவை.

அளவுகோலின் குறை

“சில்லறை இருக்கா?” என்று கேட்பவரிடம் கடைக்காரர், “இப்பதான் கடையைத் திறந்தேன்” என்கிறார். ‘இல்லை’ என்ற சொல் வரவில்லை. ஆயினும் அதுவே பொருள். கிரைசின் கோட்பாடு இதை விளக்கும். இதே கூற்று, “ஏன் இன்னும் வாசல் பெருக்கல?” என்ற கேள்விக்குப் பின் வந்தால் அது சாக்குச் சொல்வதாகிவிடும். கூற்று ஒன்றே, தொடரில் அது நிற்கும் இடமே வேறு. எனவே தனிக் கூற்றின் பொருளை அறியவும் கருத்தாடலின் ஒழுங்கு தேவை.

மறுபக்கமும் உண்டு. ‘நேற்று ஒரு பசு வாங்கினேன். பசு புல் தின்னும். புல் பச்சை நிறம். பச்சை நிறச் சட்டை கிழிந்துவிட்டது.’ இவ்வாக்கியங்களைச் சொற்கள் இணைக்கின்றன. எனினும் இது ஓர் உரையாக அமையவில்லை. கடை உரையாடலில் பொதுச்சொல் ஒன்றுமில்லை. அது இயல்பாகப் பொருந்துகிறது. அப்பொருத்தத்தைத் தருவது பேசுவோரின் நோக்கமும் கேட்போரின் ஊகமுமே. அதாவது, கருத்தாடலை விளக்கச் சூழ்பொருளியல் வேண்டும்.

இரு நூல்கள்

இச்சிக்கலை 1983இல் கேம்பிரிட்ஜ் பாடநூல் வரிசையில் வெளியான இரு நூல்களில் காணலாம். லெவின்சன் உரையாடல் அமைப்பைச் சூழ்பொருளியலுக்குள் சேர்த்தார். விதிகளை வகுத்துரைக்கும் கருத்தாடல் ஆய்வு முறையைக் குறைகூறினார். பிரௌனும் யூலும் தம் கருத்தாடல் ஆய்வு நூலிலேயே சூழ்பொருளியல் அணுகுமுறையை முதன்மையாகக் கொண்டனர்.

மதிப்பீடு

இரண்டும் ஒன்றே என்பதும் பொருந்தாது. ‘நான்’, ‘இங்கே’, ‘நாளை’ போன்ற சுட்டுகளின் பொருள் சூழ்பொருளியலின் தனிக்களம். வகுப்பறையில் ஆசிரியர் கேட்க, மாணவர் விடைகூற, ஆசிரியரே மதிப்பிடும் அமைப்பைக் காட்டியது சின்கிளேர், கூல்தார்ட் (1975) ஆகியோரின் கருத்தாடல் ஆய்வு. மதிப்பிடும் உரிமை யாருக்கு என்ற அதிகாரக் கேள்வியும் அங்கிருந்தே எழுகிறது.

ஆகவே வேறுபாடு தரவின் நீளத்தில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ‘இவர் சொன்னதால் என்ன பொருள் விளைகிறது?’ என்பது ஒன்று; ‘இப்பேச்சு எவ்வாறு கட்டமைந்துள்ளது?’ என்பது மற்றொன்று. ஆய்வு மாணவர் துறையின் பெயரைத் தேர்வதற்கு முன் தம் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.