அநுபவமே பிரமாணமாக

நம் நாட்டில் கிறிஸ்தவ சமயம் பரவிய சரித்திரத்தை ஆராயப் புகுந்தவர்கள் பெரும்பாலும் கண்டனங்களையும் மறுப்புகளையுமே தேடித் தொகுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1854ல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ போன்ற நூல்கள் தர்க்கத்தைத் தர்க்கத்தால் எதிர்த்தவையாதலின், அவற்றை வாசிப்பதில் மல்யுத்தம் பார்க்கும் உற்சாகம் உண்டு. ஆனால், ‘எனக்கு இப்படி நேர்ந்தது’ என்று ஒருவன் நாலு பேர் நடுவே எழுந்து சொல்லிவிட்டால், கேட்பவன் அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். மறுத்து நூல் எழுத முடியாது. சாட்சி சொல்லுதல் என்று சபையார் வழங்கும் இம்மரபின் பலமும் பலவீனமும் இந்த ஒன்றிலேயே அடங்கிக் கிடக்கின்றன.

இதற்கெல்லாம் மூலமாதிரி பவுலின் சாட்சி. தமஸ்குவுக்குப் போகும் வழியில் அவர் பேரொளி கண்டு தரையில் விழுந்த சம்பவம், அப்போஸ்தலருடைய நடபடிகளில் 9, 22, 26 ஆகிய மூன்று அதிகாரங்களில் வருகிறது. முதலாவது நூலாசிரியரின் கூற்று, மற்ற இரண்டும் பவுலின் வாய்மொழி. எருசலேமில் தம்மை அடித்துக் கொல்ல வந்த கூட்டத்தின் முன் எபிரெய பாஷையில் பேசும்போது, தாம் கமாலியேலின் பாதத்தருகே கற்றவர் என்றும், அவ்வொளியால் இழந்த பார்வையைத் தமக்குத் திரும்பத் தந்த அனனியா வேதப்பிரமாணத்தின்படி நடந்த பக்திமான் என்றும், புறஜாதியாரிடம் போகும்படி தமக்குக் கட்டளை கிடைத்தது தேவாலயத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோதே என்றும் சொல்கிறார். அகிரிப்பா ராஜாவின் முன்னிலையிலோ அனனியா அடியோடு மறைந்துவிடுகிறான். அந்தக் கட்டளையும் தேவாலயத்தை விட்டு நடுவழிக்கே வந்துவிடுகிறது. உடன் போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் என்று 9ஆம் அதிகாரமும், கேட்கவில்லை என்று 22ஆம் அதிகாரமும் கூறுவதைக் காட்டி முரண் என்பார் உளர். அதைச் சமாதானப்படுத்தும் பொறுப்பை வியாக்கியானகர்த்தர்களுக்கே விட்டுவிடலாம். என் வரையில், கேட்போர் இன்னார் என்று அறிந்து பேசுவதே சாட்சியின் இலக்கணம் என்பதை இம்மூன்று அதிகாரங்களும் போல எடுத்துக்காட்டுவது வேறில்லை.

பிற்காலத்துச் சபைகள் இந்த நெகிழ்ச்சியை இழந்தன. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பியூரிடன் சபைகள் பலவற்றில், அங்கத்தினராகச் சேர விரும்புகிறவர் தம் ஆத்தும அநுபவத்தைச் சபையார் முன் விவரித்தாக வேண்டும் என்ற நியதி ஏற்பட்டது. பரீட்சை என்று வந்துவிட்டால் விடைக்கும் ஓர் அச்சு வார்ப்பு வந்துவிடுவது இயல்பேயன்றோ? முன்னே பாவம், நடுவே கலக்கம், பின்னே சமாதானம் என்ற அந்த வார்ப்பு, பந்தல் போட்டு நடக்கும் நம்மூர்க் கன்வென்ஷன் கூட்டங்கள் வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே சாட்சி சொல்ல எழும்புகிறவர் வாய் திறக்குமுன் அவர் கதையின் முடிவு கேட்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த வார்ப்புக்குள் நின்றுகொண்டே அதை உடைத்தவர் ஜான் பனியன். பெட்ஃபோர்டு சிறையிலிருந்தபோது 1666ல் வெளிவந்த தம் ஆத்தும சரித்திரத்தில், பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழில் நிமித்தம் அவ்வூர்த் தெருவழியே போகையில், ஒரு வாசற்படியில் வெயில் காய்ந்தபடி மூன்று நான்கு ஏழைப் பெண்கள் தெய்வ காரியங்களைப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டதாகச் சொல்கிறார். அப்பெண்கள் அவருக்கு எதையும் உபதேசிக்கவில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அவ்வளவே. சமயப் பேச்சில் தம்மைச் சூரர் என்று எண்ணியிருந்த அவருக்கு, அவர்கள் பேசியது விளங்கவேயில்லை. விளங்காததே அவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ தமிழில் ஒரு காவியத்துக்கு வித்தாயிற்று. திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பில் 1827ல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் கிறிஸ்தவ மாணாக்கர்களுக்குத் தமிழ் கற்பிக்கச் சென்று, 1858ல் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ணபிள்ளை, தாம் கிறிஸ்தவரான வரலாற்றை வசன நடையிலும் எழுதி வைத்தார். எனினும் அவருடைய மெய்யான சாட்சி 1894ல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிக’மே என்பது என் துணிபு. ஹென்றி ஆல்பிரெட் என்ற புதுப்பெயரைச் சூட்டிக்கொண்ட அவர் கிருஷ்ணன் என்ற பழம்பெயரைக் கழற்றி எறியவில்லை. அவ்வாறே கம்பனிடம் கற்ற விருத்தத்தையும், ஆழ்வார்களிடமிருந்து வழிவழி வந்த உருக்கத்தையும் உடன்கொண்டே புதிய சமயத்துக்குள் பிரவேசித்தார். பனியனில் இல்லாத அளவுக்குக் கிறிஸ்துவின் பாடுகளை அவர் விரித்துப் பாடுமிடத்தில், பழைய பக்தனும் புதிய விசுவாசியும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பழையன எல்லாம் இருள் என்று சொல்லும் சாட்சிகளை நான் வேண்டிய மட்டும் வாசித்திருக்கிறேன். ஒன்றும் மனத்தில் தங்கவில்லை.

பாவம், கலக்கம், சமாதானம் என்ற அந்த ஒழுங்கைப் பண்டிதை ரமாபாய் வேறு வகையில் கலைத்தார். 1883ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற அவர், அப்போது தமக்குக் கிட்டியது கிறிஸ்து மார்க்கமேயன்றிக் கிறிஸ்து அல்லர் என்றும், அவரை அறியப் பின்னும் பல வருஷங்கள் சென்றன என்றும் 1907ல் எழுதிய சாட்சியில் ஒளிக்காமல் கூறினார்.

அநுபவம் ஒன்றையே பிரமாணமாகக் கொள்வதன் அபாயத்துக்கு சாது சுந்தர்சிங் உதாரணம். 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலையில் தம் அறையில் கிறிஸ்துவைக் கண்டதை அவர் போன இடமெல்லாம் சொன்னார். 1918ல் தென்னாட்டிலும் இலங்கையிலும் திரண்ட ஜனங்கள் அதை ஐயமின்றி ஏற்றார்கள். ஆனால் திபெத்தில் பாழ்ங்கிணற்றில் தள்ளப்பட்டு அற்புதமாய் மீட்கப்பட்டது போன்ற வரலாறுகளை ஐரோப்பியப் பண்டிதர்கள் 1920களில் சோதிக்கத் தொடங்கியபோது, ஹைலர் ஆதரித்தும் பிஃபிஸ்டர் எதிர்த்தும் எழுதிக் குவித்தார்களேயன்றி வழக்குத் தீரவில்லை. கண்டவர் ஒருவரே என்றால் எந்த நியாயஸ்தலத்துக்கும் சங்கடந்தான்.

இதுகாறும் கூறியவர் யாவரும் ‘நான்’ என்று எழுதத் தெரிந்தவர்கள். ஆனால் நம் நாட்டில் சபை பெருகியது ‘நாங்கள்’ என்றவர்களாலேயே. தஞ்சையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குத் தன் இனத்தாரிடம் திரும்பிய தாவீது சுந்தரானந்தம், உற்றார் உறவினரிடம் பேசிப் பேசி அவர்களை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தான். துன்பப்படுத்தப்பட்ட அம்மக்கள் 1799ல் தனியே குடியேறிய ஊர்தான் முதலூர். அவன் அத்தையிடமும் மைத்துனனிடமும் என்ன சொன்னான் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் அத்தியட்சரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட, எழுத்தறியாத மாலர்களும் மாதிகர்களுமே சாட்சிகள் என்று துணிந்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் தமக்கு ஐயோ என்ற பவுலின் வாக்கைத் தாமும் உச்சரிக்க வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். அரிஜனங்களுக்குச் சமயங்களின் தராதரம் அறியும் சக்தி இல்லை என்னும் பொருள்பட 1936ல் காந்தியடிகள் மிஷனெரித் தலைவர் ஜான் மாட்டிடம் பேசியதை, அவ்வழக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே சொல்லவல்லவர்கள் என்பதல்லவா அம்மக்களுக்கு முதலில் மறுக்கப்பட்டது? ஆண்டுதோறும் சாட்சி வாரம் என்று ஒரு வாரம் குறித்து, அவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சொன்னார்கள். நாளடைவில் நிலமுடைய ஜாதியாரும் ஞானஸ்நானம் கேட்டு வரலானபோது, காரணம் விசாரித்தவர்களுக்கு அவர்கள் சுட்டிக்காட்டியது எந்தப் பிரசங்கியாரையுமன்று, தங்கள் வயல்களில் கூலிவேலை செய்தவர்களையே.