ஜோ நெஸ்போவின் 'மேக்பெத்' நாவலில் காவல்துறையும் குற்றக்கும்பலும்

முன்னுரை

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை இக்கால எழுத்தாளர்களைக் கொண்டு நாவல்களாக மறுஆக்கம் செய்யும் வரிசையை ஹோகார்த் பதிப்பகம் 2015இல் தொடங்கியது. அவ்வரிசையில், நார்வே நாட்டுக் குற்றப்புனைகதை எழுத்தாளர் ஜோ நெஸ்போவின் 'மேக்பெத்' 2018இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1606இல் இயற்றப்பட்ட நாடகத்தின் ஸ்காட்லாந்து அரசு, இந்நாவலில் 1970களின் பெயரற்ற தொழில்நகரமாகிறது. அரசன் டங்கன் காவல்துறைத் தலைமை ஆணையராகிறான். மேக்பெத் அதிரடிப்படையின் தலைவன். அவன் துணைவி லேடி, இன்வெர்னஸ் சூதாட்ட விடுதியின் உரிமையாளர். நார்வே மன்னன் ஸ்வெனோ, போதைப்பொருள் விற்கும் 'நார்ஸ் ரைடர்ஸ்' என்னும் மோட்டார் சைக்கிள் கும்பலின் தலைவனாக மாறுகிறான். மேக்பெத்தின் வீழ்ச்சியில் போதைப்பொருளுக்குப் பங்களிப்பதால் அவலநாடகத்தின் அறப்பொறுப்பு நாவலில் நீர்த்துப்போகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புலப்படும் குற்றமும் புலப்படாத குற்றமும்

குற்றப்புனைகதையின் அடிப்படை ஓர் எல்லைக்கோடு. கோட்டின் ஒருபுறம் விசாரிப்போர், மறுபுறம் விசாரிக்கப்படுவோர். நாவலின் தொடக்கத்தில் இக்கோடு தெளிவாக உள்ளது. துறைமுகப் பகுதியில் நார்ஸ் ரைடர்ஸ் கும்பலை வளைக்க டஃப் மேற்கொள்ளும் நடவடிக்கை பிசகுகிறது; மேக்பெத்தின் அதிரடிப்படை அதனை மீட்கிறது. கும்பல் எளிதில் அடையாளம் காணத்தக்கது. அதன் வண்டிகளின் ஓசையே அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் நகரின் போதைச் சந்தையை ஆளும் ஹெகேட், 'கண்ணுக்குத் தெரியாத கை' எனப்படுபவன். கும்பல் ஒடுக்கப்படும்போது காவல்துறைக்குப் புகழும் ஹெகேட்டுக்குச் சந்தையும் கிடைக்கின்றன. புலப்படும் குற்றத்தின் மீதான வெற்றி, புலப்படாத குற்றத்திற்கு வழிவிடுகிறது.

கருவியாகும் கும்பல்

நாடகத்தில் பாங்கோவைக் கொல்வோர் பெயரற்ற கூலிக்கொலைஞர்கள். நாவலில் அப்பணியைச் செய்வோர் நார்ஸ் ரைடர்ஸ். எந்தக் கும்பலை ஒடுக்கியதால் மேக்பெத் உயர்வு பெற்றானோ, அதே கும்பலைத் தன் நண்பனைக் கொல்ல ஏவுகிறான். நெஸ்போ செய்த மாற்றங்களுள் மிகவும் பொருள் பொதிந்தது இது. இங்கு எல்லைக்கோடு அழிகிறது. ஆணையரின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது கும்பல் பகையன்று. தேவைப்படும்போது எடுத்துப் பின் எறியத்தக்க கருவி.

போதையும் பொறுப்பும்

இளமையில் போதைக்கு அடிமையாயிருந்து மீண்டவன் மேக்பெத். டங்கனின் கொலையையொட்டி அவன் மீண்டும் அதனை நாடுகிறான். இதனைக் கொண்டு, பேராசையின் இடத்தில் மயக்கத்தை வைத்து நாவலாசிரியர் அவனது பொறுப்பைக் குறைத்துவிட்டார் எனக் கருத இடமுண்டு. எனினும் நிகழ்வுகளின் வரிசை வேறொன்றை உணர்த்துகிறது. கொல்லும் முடிவு தெளிந்த அறிவுடன் எடுக்கப்படுகிறது. போதை அதன் பின்னரே வருகிறது. மனச்சான்றை அடக்கும் பொருட்டே அவன் அதனை உட்கொள்கிறான். எனவே போதை கொலைக்குக் காரணமன்று, துணைக்கருவியே. கும்பலைப் போலவே இதுவும் அவன் ஒடுக்க வேண்டியதாக இருந்து, பின் அவனால் பயன்படுத்தப்பட்டு, இறுதியில் அவனைச் சிதைக்கிறது.

மறுஆக்கத்தின் குறை

ஊழைக் கையாளுமிடத்தில் நாவல் தளர்கிறது. நாடகத்தில் சூனியக்காரிகளின் வாக்கு எங்கிருந்து வருகிறது என்பது விளக்கப்படுவதில்லை; அந்த இருண்மையே அச்சத்தின் ஊற்று. நாவலில் முன்னறிவிப்பு ஹெகேட்டின் வணிகத் திட்டமாகிறது; தனக்கு இடையூறு செய்யாத ஓர் ஆணையர் அவனுக்குத் தேவை. பிர்னம் காடு நகர்ந்து வருவது, பெர்த்தா என்னும் பழைய ரயில் எஞ்சினின் வருகையாகிறது. இவ்விணைப்புகள் நுட்பமானவை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டும் குற்றப்புனைகதையின் இயல்பு, விளக்கமற்றதன் முன் மனிதன் நடுங்கும் நிலையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது.

முடிவுரை

ஊழின் இருண்மையை இழந்த இந்நாவல், அதிகாரம் குறித்த தெளிவைப் பெறுகிறது. அறப்பொறுப்பு இதில் நீர்க்கவில்லை. சட்டத்தின் பெயரால் ஆயுதம் ஏந்துவோன் தான் ஒடுக்கிய குற்றத்தையே ஏவலாக்கும் கணம், அவலத்தின் மையமாகிறது. மோட்டார் சைக்கிள் கும்பலை வெறும் பின்னணியாகக் கொள்ளும் வாசிப்பு இம்மையத்தைத் தவறவிடும்.