செந்தமிழ் என்னும் திங்களிதழ்

யானை முகாம் உள்ள தெப்பக்காட்டில், யானைகள் மாயாற்றில் குளிக்கும் கரையில் ‘செந்தமிழ்’ பழைய தொகுதி ஒன்றைப் படித்தேன். சங்க இலக்கியக் குறிஞ்சிப் பாட்டுகளின் களிறு இங்கே கண்ணெதிரே நிற்கிறது. அந்தப் பாட்டுகளைப் பிழை களைந்து நமக்குத் தந்த உழைப்பில் ஒரு பகுதியோ இத்தகைய இதழ்களில் கிடக்கிறது.

பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவினார். மறு ஆண்டே அதன் இதழாகச் ‘செந்தமிழ்’ பிறந்தது. முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அடுத்தவர் மு. இராகவையங்கார். ஏட்டுச்சுவடியில் கிடந்த நூல்கள் இதில் அச்சேறின. புலவர்களின் காலத்தை ஆராய்ந்தார்கள். ஒருவர் முடிவை இன்னொருவர் சான்றுகாட்டி மறுத்தார். ஒரு பாடபேதத்துக்காகப் பக்கக்கணக்கில் வாதாடும் அந்தப் பொறுமை எனக்கு உயிர். இன்றைய ஆய்விதழ்களில் அதைத் தேடுகிறேன்.

நூலகத்தில் கண்டால் ஒரு தொகுதியையாவது எடுத்துப் புரட்டுங்கள்.