மந்திர் – வாடி – முற்றம்: கிஜுபாயின் 'பெற்றோர்' யார்?

எங்கள் ஊரில் 'பால்வாடி' என்றால் பால் ஊற்றுகிற இடம் என்றுதான் ரொம்பப் பேர் நினைத்திருந்தார்கள். என் அம்மாவும் அப்படித்தான். "பேருதான் பால்வாடி, ஒருநாளாச்சும் பாலக் கண்ணுல காட்டியிருக்காளுகளா?" என்பாள். சத்துமாவு உருண்டைதான் கிடைத்தது. வன்னியம்பட்டியிலிருந்து மில் பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னை அங்கே விட்டுவிட்டுப் போவாள். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில்தான் அந்தச் சொல்லில் இருப்பது தமிழ்ப் பால் இல்லை, குழந்தையைக் குறிக்கும் வடசொல் என்பதும், 'வாடி' என்பது தோட்டம் என்பதும் தெரியவந்தது. ஒரு சொல்லின் வேரைத் தேடிப் போனவனுக்கு ஒரு மனிதர் கிடைத்தார். அவரைப் பற்றி எனக்குள்ள மரியாதையையும் தகராறையும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கிஜுபாய் பதேகா (1885–1939) குஜராத்தி. பிழைப்புக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா போய்த் திரும்பி, பம்பாயில் சட்டம் படித்து வக்கீல் தொழில் செய்தவர். 1913இல் மகன் பிறந்ததும் பிள்ளை வளர்ப்பு பற்றித் தேடத் தொடங்கி மாண்டிசோரியின் எழுத்துக்கு வந்து சேர்ந்தார். 1916இல் தொழிலை விட்டுவிட்டு பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே 'பால மந்திர்' தொடங்கினார். அடி கிடையாது, பயமுறுத்தல் கிடையாது. கதையும் விளையாட்டும் பாட்டும் உண்டு. மீசை வைத்த அம்மா என்று மக்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

1930களின் தொடக்கத்தில் வந்த அவரது 'திவாஸ்வப்னா' (தமிழில் 'பகல் கனவு') நம்மிடையே அறிமுகமான பிரதிதான். லட்சுமிராம் என்ற கற்பனை வாத்தியார் நான்காம் வகுப்பை ஒரு வருஷம் கையில் எடுத்துக்கொண்டு பரிசோதனை செய்கிறார். தலைமை ஆசிரியர், சக ஆசிரியர்கள், கல்வி அதிகாரி என எல்லோரோடும் மல்லுக்கட்டுகிறார். ஆசிரியர் இயக்கத் தோழர்கள் இந்த நூலைக் கொண்டாடுவது நியாயம். ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒரு சின்ன இடம். சுத்தம் பற்றிப் பேச லட்சுமிராம் பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைக்கிறார். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடத்துக்குள் ஜெயிக்கிற வாத்தியார் வீட்டு வாசலில் தோற்கிற இடம் அது.

கிஜுபாயின் இன்னொரு எழுத்து வாழ்க்கையை இந்தத் தோல்வியிலிருந்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. கல்வியாளராக இருந்தவர் பெற்றோருக்கு எழுதுகிறவராக மாறினார். பெற்றோராவது கடினம் என்றே பொருள்படும் தலைப்பில் ஒரு நூல். 'இதென்ன தலைவலி' என்று பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சலித்துக்கொள்கிற தொனியிலேயே இன்னொன்று. வீட்டுக்குள் அன்றாடம் நடக்கிற சில்லறைச் சண்டைகள்தான் சரக்கு.

'பிள்ளை வளர்ப்பு' என்ற சொல்லாடலுக்கு ஒரு வழக்கமான அரசியல் உண்டு. அது பெற்றோரைப் பள்ளிக்கூடத்தின் ஏவலாளாக மாற்றும். வீட்டுப்பாடம் செய்யவைக்கிற, டைரியில் கையெழுத்துப் போடுகிற, மார்க்கைக் கண்காணிக்கிற சம்பளமில்லாத மேஸ்திரி வேலை அம்மா தலையில் விழும். அதிகாரம் வகுப்பறையோடு முடியாமல் அடுப்படிவரை நீளும். கிஜுபாய் செய்தது இதற்கு நேர் எதிரானது. வக்கீல் தொழிலை அவர் விட்டாரே தவிர வக்கீல் புத்தியை விடவில்லை. அவரது எழுத்தில் குழந்தைதான் வாதி, பெற்றோர் எதிர்த்தரப்பு. 'புள்ள ஏன் அடங்க மாட்டேங்குது?' என்ற கேள்வியை 'நீ ஏன் அடக்கப் பார்க்கிறாய்?' என்று திருப்பிப் போடுகிறார். பெற்றோர் என்ற புனிதத்தின் மேல் கைவைத்த எழுத்து அது. தமிழில் ஆசிரியராக இருந்து கலைக்களஞ்சியப் பணிக்குப் போன பெ. தூரன் 'குழந்தை உள்ளம்' போன்ற நூல்களை எழுதியதை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். இந்த வகை எழுத்தை இலக்கியக்காரர்கள் இலக்கியமாகப் பார்ப்பதில்லை, தோழர்கள் அரசியலாகப் பார்ப்பதில்லை.

இதுவரை மரியாதை. இனித் தகராறு.

அவரது கூண்டில் நிற்கிற இந்தப் 'பெற்றோர்' யார்? அந்த எழுத்துக்குள் இருக்கிற வீடு, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிற வீடு. பிள்ளையோடு சலித்துக்கொள்ளவாவது நேரம் உள்ள வீடு. என் அம்மாவுக்குச் சலித்துக்கொள்ளவும் ஷிப்ட் விடவில்லை. ராஜபாளையத்தில் பெரிய நூற்பாலை வந்தது 1936இல். பாவ்நகர் நிறுவனத்தைவிட்டுக் கிஜுபாய் விலகியதும் அதே வருஷம்தான். இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒன்றின் வெளிச்சத்தில் இன்னொன்றை வாசிக்க வேண்டியிருக்கிறது. சங்கு ஊதினால் ஓடுகிற அம்மா அவரது பிரதியின் விளிம்பில்கூட இல்லை. குற்றத்தைப் பெற்றோரின் மனசில் தேடியவர் அவர்களுடைய நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. பட்டப்பெயரையும் கவனியுங்கள். ஆண் தாய்மை செய்தால் அது பட்டம். பெண் செய்தால் கடமை, செய்யாவிட்டால் குற்றம்.

'மந்திர்' என்ற சொல்லும் உறுத்துகிறது. குழந்தைக்குக் கோவில் கட்டினார் என்று புகழலாம். ஆனால் கிஜுபாய் இறந்தது 1939 ஜூன் 23இல். மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது அதே ஆண்டு ஜூலை 8இல். கோவில் என்றதும் 'உள்ளே யார், வெளியே யார்' என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

இதற்குப் பதில் அவர் கூடவே வேலை செய்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. தாராபாய் மோடக் 1923இல் பாவ்நகருக்கு வந்து அவரோடு உழைத்தவர். 1945இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அங்கே பிள்ளைகள் தேடி வரவில்லை. அதற்காகப் பெற்றோரைத் திட்டி அவர் கட்டுரை எழுதவில்லை. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கே போய், முற்றத்தில் உட்கார்ந்து, அங்கேயே நடத்தினார். முற்றம் என்றால் 'அங்கன்'. அங்கன்வாடி அப்படித்தான் பிறந்தது. பிறகு கோஸ்பாடில், வார்லி ஆதிவாசிக் குழந்தைகள் மாடு மேய்க்கப் போனபோது பாடம் மேய்ச்சல் வெளிக்குப் போனது. கூட இருந்தவர் அனுதாய் வாக். கிஜுபாய் பெற்றோரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மோடக் தானே கிளம்பிப் போனார். மந்திரிலிருந்து முற்றத்துக்கு வந்த இந்த நகர்வைத்தான் நான் அரசியல் என்கிறேன்.

1975இல் மத்திய அரசின் திட்டமாக அங்கன்வாடி வந்தது. 1982இல் தமிழகச் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது. அப்படித்தான் எனக்கும் உருண்டை கிடைத்தது. இன்னொரு கணக்கும் உண்டு. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பிறகு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் குழந்தைக் காப்பக அறை வேண்டும் என்றது. அம்மா வேலை பார்த்த மில்லில் அந்த அறை இருந்தது. உள்ளே பஞ்சு மூட்டை இருந்தது.

போன வருஷம் என் மதினி நைட் ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சோடு, மகள் படிக்கிற தனியார் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாள். 'பிள்ளையோடு தினமும் தரமான நேரம் செலவழியுங்கள்' என்று ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் நீட்டினாள். "நேரம்னு சொல்றாகளே, அது எங்க குடுக்காகன்னு இதுல போட்டிருக்கா தம்பி?"

கிஜுபாயை நாம் தொடர்ந்து படிக்க வேண்டும். அடிக்கிற கையைப் பிடித்து நிறுத்த அவரைவிட நல்ல துணை இல்லை. ஆனால் ஆசிரியர் கூட்டங்களில் 'பகல் கனவு' பற்றிப் பேசுகிற தோழர்கள், அடுத்த கூட்டத்தை மில் கேட்டில், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வைத்துப் பார்க்கலாம். பூட்டிக் கிடக்கிற அந்த அறையின் சாவியையும் அங்கேயே கேட்கலாம்.